ஹெல்பர் இல்லாத தொழிற்சாலை

மனிதருள் உயர்வு தாழ்வை ஒழிக்கப் புறப்பட்ட பெரியோர் பலர். ஊர் ஊராக நடந்தார்கள், பட்டினி கிடந்தார்கள், சிறையும் கண்டார்கள். காரியம் என்னவோ அரைகுறையாகவே நின்றது. அதை ஒரு திங்கட்கிழமை காலையில், அதுவும் தேநீர் இடைவேளைக்கு முன்பாகவே முடித்துக் காட்டிய பெருமை, வல்லம் வடகாலில் பிரேக் தகடு செய்யும் ஒரு தொழிற்சாலையின் மனிதவள மேலாளர் கோமதிநாயகத்தையே சாரும்.

அந்தத் திங்கட்கிழமை ஹெல்பர் தசரதன் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றிருந்தார். அவருடைய கவனம் பாதி மேடையில் இருந்தது. மீதி தம் வலது காலில். பாதுகாப்புக் காலணியின் அடித்தோல் முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. விரலைக் காக்க உள்ளே வைத்திருந்த இரும்பு மூடி எப்போதோ கழன்று விழுந்துவிட்டது.

அத்தொழிற்சாலையில் ஒரு மரபு உண்டு. ஆபரேட்டருக்கு ஆண்டுக்கொரு புதுக் காலணி. அவர் கழற்றிப் போடும் பழையது ஹெல்பருக்கு. தசரதன் போட்டிருந்தது ஆபரேட்டர் ஜெபக்குமார் கழற்றியது. இருவருக்கும் ஒரே அளவுப் பாதம். "எங்கம்மா எனுக்குக் குட்த்த ஒரே சொத்து, ஜெபக்குமார் சைஸ் காலு" என்பார் தசரதன். ஆனால் இந்த ஆண்டு அவருக்கு அதனினும் பெரிய ஆசை ஒன்று இருந்தது. இயந்திரம் ஓட்டப் பழகியாயிற்று. இந்த மாதமே ஆபரேட்டராக்குவதாகக் கோமதிநாயகமும் வாக்களித்திருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக, இன்னொருவர் வியர்வை வாசம் இல்லாத காலணி!

மேடையில் கோமதிநாயகம் முழங்கினார்.

"ஆங்கிலேயன் நமக்கு ரயிலையும் தபாலையும் மட்டுமா விட்டுச்சென்றான்? ஹெல்பர், ஜூனியர், அசிஸ்டென்ட், சப், டெம்பரரி, செகண்ட்ஸ், ரிஜெக்ட் என்று மனிதனையும் பொருளையும் இறக்கி வைக்கும் சொற்களையும் மூட்டை மூட்டையாக விட்டுச்சென்றான். இன்றுமுதல் இவ்வளாகத்தில் அச்சொற்கள் கிடையாது!"

பிறகு ஒரு கதை சொன்னார். ஒரு காட்டில் சிங்கராஜா ஆணையிட்டதாம்: 'இனி இங்கே இரை என்ற இழிசொல் கூடாது. முயலும் சிங்கம், மானும் சிங்கம். நாம் அனைவரும் சக சிங்கங்கள்.' கேட்ட முயல்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டனவாம்.

கூட்டம் கைதட்டியது. சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது. ஹெல்பர்கள் அனைவரும் அந்த நொடியிலிருந்து 'எக்ஸிகியூட்டிவ்'. ரிஜெக்ட் ஆன தகடு 'வாய்ப்பை எதிர்நோக்கும் தகடு'. சிறு விபத்து, 'கற்றல் தருணம்'. தசரதனுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. காலணியின் வாய் மட்டும் மூடவில்லை.

இடைவேளையில் ஸ்டோர்ஸுக்குப் போனார். அங்கே பொருள் வழங்கும் ரோஸி எழுந்து நின்றாள்.

"வாங்க சார்."

"இன்னாம்மா, புச்சா சாருன்ற?"

"எக்ஸிகியூட்டிவ அண்ணான்னு கூப்டக் கூடாதாம்ணா."

"சர்தான். ஜெபக்குமார் ஷூவ கழட்டிக் குட்த்துட்டானா? ஆபரேட்டர் ஆவுற வரைக்கும் அத்தப் போட்டுக்கறேன்."

"வந்துகீது. ஆனா தர முடியாது. பழசு ஹெல்பருக்குத்தான். கம்பெனில ஹெல்பரே கெடையாதே."

"அப்ப புச்சு குடு."

"புச்சு ஆபரேட்டருக்கு."

"எக்ஸிகியூட்டிவுக்கு இன்னாதான் உண்டு?"

"அவங்க ஏசி ரூம்ல குந்திகினு கீறவங்க. அவங்களுக்கு இன்னாத்துக்கு ஷூ? ரூல்லயே இல்ல."

"அப்ப அந்தப் பழச இன்னா பண்ணுவீங்க?"

"பழசுன்னு சொல்லாதீங்கண்ணா, யார் காதுலயாவது வியப்போவுது. அது இப்ப 'அனுபவமிக்க காலணி'. தொடச்சி, ரிசப்ஷன்ல கண்ணாடிப் பொட்டில வைக்கச் சொல்லிட்டாங்க. வேணும்னா போம்போது கண்ணால பாத்துக்கினு போங்க."

தசரதன் நேராகக் கோமதிநாயகத்தின் அறைக்குச் சென்றார். அங்கே அவருக்கு நாற்காலி கிடைத்தது. பணிக்காலம் முழுவதிலும் கிடைத்த முதல் நாற்காலி.

"சார், இந்த மாசம் ஆபரேட்டர் ஆக்கறேன்னு சொன்னீங்களே."

கோமதிநாயகம் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். "தசரதன் அவர்களே! ஓர் எக்ஸிகியூட்டிவை ஆபரேட்டராக்குவது பதவி இறக்கம் அல்லவா? அந்தப் பாவத்தை என் கையால் செய்யச் சொல்கிறீர்களா?"

"பரவால்ல சார், எறக்கிடுங்க."

"என் மனசாட்சி இடங்கொடாது."

"ஓ.டி. துட்டாவது பழயபடி வருமா சார்?"

"எக்ஸிகியூட்டிவுக்கு ஏது ஓ.டி.? நீங்கள் இனிக் கூலிக்காகத் தங்கப் போவதில்லை, ஈடுபாட்டினால் தங்குவீர்கள்."

"அப்ப வேல?"

"அதே வேலைதான். அதில் நாங்கள் கைவைக்கவே இல்லை" என்றார் கோமதிநாயகம், மிகுந்த பெருந்தன்மையோடு.

தசரதன் காலணியைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வரவேற்பறையில் ஒருகணம் நிற்பார். கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கொளியில், அவருடைய அளவுக் காலணி அசையாமல் இருக்கும். அதற்கு ஏசியும் உண்டு.

அந்த வாரமே அவர் தள்ளிச்சென்ற வண்டியின் சக்கரம் ஒன்று தரைப்பிளவில் சிக்கியது. வாய்ப்பை எதிர்நோக்கிக்கொண்டிருந்த தகடுகள் தட்டோடு சரிந்தன. பெயரில் எவ்வளவோ உயர்ந்துவிட்ட தகடுகள்தாம். என்றாலும் கீழ்நோக்கியே விழுந்தன. அந்த வளாகத்தில் சுற்றறிக்கை எட்டாத பொருள் இரும்பு ஒன்றே போலும். அடுக்கு முழுவதும் தசரதனின் வலது காலில் இறங்கியது.

ஸ்ரீபெரும்புதூர் மருத்துவமனையில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். கோமதிநாயகம் ஆப்பிள் பழங்களுடன் வந்து, கட்டிலருகே அமர்ந்து, கனிவோடு கேட்டார்: "கற்றல் தருணம் இப்போது எப்படி இருக்கிறது?"

"வெரல் இல்ல சார்."

"அப்படிச் சொல்லக் கூடாது. ஒன்பது இருக்கின்றன."

விபத்து என்ற சொல்லே இல்லாமற்போனதால், அது விபத்தே நேராத மாதமாக அமைந்தது. பாராட்டுகள் குவிந்தன. அக்கம்பக்கத்துத் தொழிற்சாலை மேலாளர்கள் சேர்ந்து ஒரகடத்தில் ஓர் ஓட்டல் மண்டபத்தில் விழா எடுத்தார்கள்; 'கீழோர் இல்லாத் தொழிற்சாலை' என்று பொறித்த கேடயம் வழங்கினார்கள். ஆதாரமாகக் காட்டுவதற்குத் தசரதனும் அழைத்துவரப்பட்டிருந்தார். மேடையில், முன்வரிசையில், கையில் ஊன்றுகோல், காலில் கட்டு.

கோமதிநாயகம் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சக சிங்கங்களின் கதையை விருந்தினருக்கு மறுபடியும் சொன்னார். முயல்களின் ஆனந்தக் கண்ணீரில் சிலர் கண்களும் கலங்கின. "எங்கள் எக்ஸிகியூட்டிவ் ஒருவர் இப்போது தம் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்வார்" என்று சொல்லி ஒலிவாங்கியை நீட்டினார்.

தசரதன் மெல்ல எழுந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். கத ரொம்ப நல்லா கீது சார். ஒரே ஒரு டவுட்டு." ஊன்றுகோலைச் சற்று மாற்றிப் பிடித்துக்கொண்டார். "இரைன்ற பேர எட்த்துட்டாங்க, சரி. அன்னிக்கு மத்தியானம் சிங்கம் இன்னா துன்னுச்சு?"