டொரண்டோவிலிருந்து ஒரு பூனைச் சமாதானம்

தூரத்து நிபுணர் என்றொரு மனித இனம் இருக்கிறது. உள்ளூர் நிபுணர் நமக்குப் பழக்கமானவர். நேரில் வந்து கெடுப்பார். இவர் அப்படியில்லை. வீட்டைவிட்டு விலக விலக வீட்டு விவகாரத்தில் ஞானம் பெருகுகிற பிறவி. சென்னைக்குப் போனபோது கால்வாசி, பெங்களூருக்குப் போனபோது அரைவாசி, கடல் தாண்டியதும் முழு ஞானம். தஞ்சாவூரில் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் குடித்த டம்ளரைக்கூட அலம்பி வைத்தவரில்லை, டொரண்டோவில் உட்கார்ந்துகொண்டு, கொத்தமல்லியை எந்தத் துணியில் சுற்றினால் வாடாது என்பார், அப்பா எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவேண்டும் என்பார், இங்கே மழை வரப்போவதை அங்கிருந்து அறிவிப்பார், "நான் சொல்றத மட்டும் செய்" என்பார், "லிங்க் அனுப்பியிருக்கேன், பாத்தியா?" என்பார். பார்க்காவிட்டால் அவருக்குக் கோபம் வரும். பார்த்தால் நமக்குப் புரியாது.

அருள்செல்வி வீட்டு நிபுணரின் பெயர் ஜெனித். ஒரே பையன். அருள்செல்வி முப்பத்துமூன்று வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணவர் வேதநாயகம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் ஜெனித்திடமிருந்து போன் வரும். சாப்பிட்டாச்சா, பிரஷர் மாத்திரை போட்டாச்சா, சரி, அப்புறம் கூப்பிடறேன். மூன்று நிமிடம். பதினைந்து நாளாகச் சேர்த்துவைத்த சேதிகளில் முதலாவதை அருள்செல்வி எடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டிருக்கும். மிச்சத்தையெல்லாம் அவர் துரையிடம் சொல்லுவார். துரை என்பது பூனை. ஆறு வயது, அகன்ற முகம், எதற்கும் எழுந்து நிற்காத சுபாவம்.

இப்படியிருக்க, ஊரெல்லாம் செல்போனில் இலவசமாக நெட் ஓடத் தொடங்கிய அந்த வருடம், ஒரு புதன்கிழமை காலையில், நாகப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிற எல்லையம்மாள் கூடையை இறக்கி, மீனுக்குப் பதிலாக ஒரு பூனைக்குட்டியை எடுத்து வெளியே விட்டாள்.

"ஐஸ் பொட்டிக்குப் பின்னால கெடந்து கத்துச்சு சிஸ்டரம்மா. நாய் தூக்கிடும்போல இருந்துச்சு. வச்சுக்குங்க."

மண் நிறத்தில் கைப்பிடி அளவு இருந்தது. அருள்செல்வி அதற்குப் பொடி என்று பெயர் வைத்தார். துரை முதுகைத் தூக்கி ஒரு சீறு சீறியது. தற்செயலாக அன்று ஜெனித் போன் செய்தான், ஆதார் நம்பர் கேட்க. பேச்சுவாக்கில் அருள்செல்வி குட்டியைப் பற்றிச் சொன்னார்.

மறுமுனையில் நிபுணர் எழுந்தருளினார்.

"அம்மா, ரெண்டையும் நேருக்கு நேரா விட்டியா? ஐயோ, அது ரொம்பத் தப்பு. அதுக்கு ஒரு மெத்தட் இருக்கு."

மெத்தட் என்றால் நாலு வாரத்து மெத்தட். புதுப் பூனையைத் தனி அறையில் அடைக்கவேண்டும். ஒரு துண்டால் துரையைத் துடைத்து அதைப் பொடியிடம் போடவேண்டும். பொடியைத் துடைத்துத் துரையிடம் போடவேண்டும். இப்படி வாசனையில் சம்பந்தம் பேசி முடித்தபின், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டும் அந்தப் பக்கம் ஒரு தட்டும் வைத்துச் சாப்பாடு போடவேண்டும். பிறகு கதவை ஒரு விரல், இரண்டு விரல் என்று திறக்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் யார் சீறினார், எத்தனை முறை, வால் எந்தப் பக்கம் என்று குறித்து அனுப்பவேண்டும். இதற்கெல்லாம் கட்டம் போட்ட அட்டவணை ஒன்று வாட்ஸப்பில் வந்து இறங்கியது.

வேதநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மனுசனுக்கே மூணு ஞாயிறு கோயில்ல இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிச்சா முடிஞ்சுபோகுது. பூனைக்கு நாலு வாரமா?"

"பையன் சொல்றான், செய்வோமே" என்றார் அருள்செல்வி.

ஏன் செய்யமாட்டார்? மறுநாள் காலை ஏழு மணிக்கு, எந்த ஞாயிறும் இல்லாமல், எந்த நம்பரும் தேவைப்படாமல், வீடியோ காலில் ஜெனித் வந்தான். நாற்பது நிமிடம் பேசினான். வெள்ளிக்கிழமை ஐம்பது நிமிடம். பூனைக்கு நடுநடுவே வேறு சேதிகளும் விழுந்தன: ராத்திரிச் சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறானாம், போன மாதமே வீடு மாறிவிட்டானாம். ஐந்து வருடமாகக் கிடைக்காத மகன் பூனையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அருள்செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சனிக்கிழமை எல்லாம் கெட்டது. எல்லையம்மாள் கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே பொடி கத்திய கத்தலில் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள். குட்டி நேராக ஓடிவந்து செவுளும் குடலும் கிடந்த இடத்தில் வாயை வைத்தது. துரை ஓங்கி ஓர் அறை விட்டது. குட்டி அறையை வாங்கிக்கொண்டு தின்றது. துரை யோசித்துப் பார்த்துவிட்டுத் தானும் தின்றது. மத்தியானம் இரண்டும் ஒரே சாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கின.

"இதுக்கா தனி ரூமு?" என்றாள் எல்லையம்மாள்.

நாலு வாரத்து மெத்தட் மூன்றே நாளில் முடிந்துவிட்டது. சமாதானம் வந்துவிட்டது; இனி போன் எதற்கு வரும்? அன்று இரவு அருள்செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி. "என்னம்மா, சீறினானா?" என்றான் ஜெனித். கண்ணில் அப்படியொரு ஆர்வம். சின்ன வயதில் பரீட்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பானே, அதே முகம். ஊசி வலிக்காது என்பதைத் தவிர வேறு பொய் சொல்லிப் பழகாத அந்த அம்மாள், வாயைத் திறந்தார்.

"சீறுறான் தம்பி. பயங்கரமா சீறுறான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் காலை ஆறு ஐம்பதுக்கு நாடகம் தொடங்கியது. தூங்குகிற குட்டியைத் தூக்கி அறையில் அடைப்பார்கள். துரையைத் தூக்கிக் கதவுக்கு முன்னால் போடுவார்கள். அது போட்ட இடத்திலேயே குறட்டை விடும். சீறவேண்டுமே? அதற்குத்தான் வேதநாயகம் இருக்கிறார். கதவுக்குப் பின்னால் நின்று, பல்செட்டைக் கழற்றிவிட்டு, அருமையாகச் சீறுவார்.

"அம்மா, இது ரொம்ப ஆழமான கோபமா இருக்கு" என்றார் நிபுணர், கவலையுடன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லவேண்டுமா என்று அருள்செல்வி யோசித்தார். பத்துக் கட்டளையில் பூனை விஷயம் இல்லை என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் ஜெனித் நிதானமாக விளக்கினான். "நம்பிக்கை வரணும்னா தினமும் கொஞ்ச நேரம் அதுங்க பக்கத்துல உட்காரணும்மா. வேற ஒண்ணும் செய்யவேண்டாம். பக்கத்துல இருந்தாப் போதும்."

"அப்படியா தம்பி" என்றார் அருள்செல்வி.

எத்தனை நாளைக்கு ஓடும்? ஒரு புதன்கிழமை, ஏழு மணிக்கு வரவேண்டிய போன் ஆறரைக்கே வந்தது. வேதநாயகம் பதறிப்போய் எதையோ அழுத்த, காமிரா நேராகச் சாக்கைக் காட்டியது. துரையின் கழுத்தில் பொடி தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஜெனித் குதூகலித்தான். "பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல? மெத்தட் வொர்க் ஆயிருச்சு." சரியாக நாலு நிமிடம். "சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்."

அந்தப் படத்தை அவன் ஃபேஸ்புக்கில் போட்டு, பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இரண்டு பூனைகளைத் தான் சேர்த்துவைத்த வரலாற்றை எழுதினான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பாராட்டினார்கள். அதில் ஒருவர் வேதநாயகம்.

மறுநாள் ஏழு மணிக்கு அருள்செல்வி போனைத் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஞாயிறு வந்தது, பூசை முடிந்தது, போன் வரவில்லை. இன்னொரு ஞாயிறும் போயிற்று. தூரத்து நிபுணரின் 'அப்புறம்' எந்தக் காலண்டரிலும் இல்லாத நாள். அருள்செல்வி யாரையும் குறை சொல்லவில்லை. கொல்லைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தார்.

அடுத்த புதன்கிழமை எல்லையம்மாள் கூடையை இறக்கினாள்.

"எல்லையம்மா, அங்க இன்னொரு குட்டி கெடக்குமா?"

எல்லையம்மாள் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

"கொண்டாறேன் சிஸ்டரம்மா. இந்த வாட்டி ஒத்துப்போகாததாப் பாத்து எடுத்தாறேன்."

வாசகரே, எங்கோ ஒரு ஊரில் பதினேழாவது மாடியில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு, நம் வீட்டில் பூனையே இல்லையே என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் அம்மா மிக்ஸி ஓடவில்லை என்றார். அதற்கு முன்னால், போனில் எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்றார். இரண்டுக்கும் இரண்டே நிமிடத்தில் வழி சொல்லிவிட்டுப் பெருமையாகப் போனை வைத்தீர்கள். இன்று அம்மா வேறு எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார்.