முதல் சோபா இலவசம்

எங்கள் சோபா ரிப்பேர் கடைக்கு ஆன்லைனில் ஒரு பக்கம் தொடங்குவது, அதுவும் என் மனைவியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தொடங்குவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டே முடிவெடுத்தேன். முதல் பாதி கடைக்காக. இரண்டாம் பாதி மானத்துக்காக.

கடை படுத்துவிட்டது, ஐயா. தெருமுனையில் பளபளவென்று ஒரு ஷோரூம் வந்ததிலிருந்து, ஜனங்கள் பழைய சோபாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்கிறார்கள். பத்து நாளில் என் கடைக்குள் வந்தது ஒரே ஒரு பூனை. அதுவும் இருக்கிற சோபாவைக் கிழிக்கத்தான் வந்தது. இப்படியே போனால் அந்த ஷோரூமிலேயே நான் வேலை கேட்டு நிற்க வேண்டும்.

என் மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். அந்தக் கிளினிக்கின் பக்கத்தை நடத்துவதும் அவள்தான். கடைவாய்ப்பல் பிடுங்குகிற வீடியோவை இருபதாயிரம் பேரை உட்கார்ந்து பார்க்க வைத்தவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவளிடம் கேட்டால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் கேட்டால் எங்கள் வீட்டு சோபா பேச்சு வந்துவிடும்.

அந்த சோபாவின் வயிறு ஒன்பது வருஷம் முன்பு அறுந்தது. நானே ஏதோ கட்டி நிறுத்தினேன். பிறகு நடுவில் ஒரு ஸ்பிரிங் எழுந்து நின்றது. அதன்மேல் அவள் ஒரு பூப்போட்ட போர்வையைப் போட்டாள். அன்றிலிருந்து பெற்ற தாய் வந்தாலும் எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

"ஏங்க, ஊர் சோபாவுக்கெல்லாம் உயிர் குடுக்கிறீங்க. நம்ம சோபா என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஞாயித்துக்கிழமை பாக்கறேன்."

"எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை?"

இதனால்தான் பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவரிடம் போனேன்.

"தம்பி, உனக்குப் பக்கம் ஆரம்பிக்கத் தெரியுமா?"

"ரெண்டு நாள் டைம் குடுங்கண்ணே, கத்துக்கிட்டு வந்துடறேன்."

சொன்னபடியே வந்தார். பெயர் வைத்தார், படம் போட்டார், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து லைவ் வீடியோவும் தொடங்கிவிட்டார். அவரே ஒரு யோசனையும் சொன்னார்: ரொம்ப மோசமான சோபாவின் படத்தை அனுப்புகிறவருக்கு, வீடு தேடிப் போய் இலவசமாக, எல்லார் கண்முன்னாலும் ரிப்பேர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பதினேழு படம் வந்தது. அதில் ஒன்றைப் பார்த்ததும் என் தொழில் ரத்தம் கொதித்தது. சோபாவைக் குப்புறக் கவிழ்த்து எடுத்த படம். அடிப்பக்கத்தில் ஸ்பிரிங்கைத் தாங்குகிற பெல்ட்டே இல்லை. துணி காயப்போடுகிற நீல நைலான் கயிறு! அனுப்பியவரின் பெயர் 'நொந்த குடும்பம்'.

அன்று லைவில் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

"பாருங்க மக்களே, இந்தக் கொடுமைய! இப்படிக் கயிறு கட்டினவன் ஒரு தொழிலாளியா? இவன் கைய ஒடைக்கணும்!"

கீழே ஒருவர் கேட்டார்: "அந்த வீட்டுக்காரர் என்னங்க பண்றாரு?"

"நல்லாக் கேட்டீங்க! பொண்டாட்டி புள்ளைங்களை இதுல உக்கார வெச்சுட்டு ஒருத்தன் சோறு திங்கறான்னா, அவனெல்லாம் ஒரு ஆம்பளையா?"

முந்நூறு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். ஜென்மத்தில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. கண்ணே கலங்கிவிட்டது.

சனிக்கிழமை பெல்ட், ஸ்பிரிங், துணி, சுத்தியல் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினேன். முடிவெட்டுகிறவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பும் நேரத்தில்தான் 'நொந்த குடும்பம்' வழியை அனுப்பியது. போன் சொல்லச் சொல்லத் திரும்பினேன். இடது பக்கம். வலது பக்கம். மருந்துக்கடை தாண்டி மறுபடி இடது பக்கம்.

"தம்பி, இது எங்க தெரு மாதிரி இருக்கே."

"அப்படியாண்ணே? ஓட்டுங்க, லைவ்ல நானூறு பேர் இருக்காங்க."

வண்டி நின்ற இடம் என் வீட்டு வாசல். என் மனைவி தலை வாரி, நல்லதாக உடுத்திக்கொண்டு நின்றாள்.

"வாங்க சோபாக்காரரே! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கோம்."

உள்ளே போர்வை இல்லாமல் சோபா குப்புறக் கிடந்தது. நீல நைலான் கயிறு. கொல்லையில் துணி காய்வதும் அதே கயிற்றின் மிச்சத்தில்தான். ஒன்பது வருஷம் முன்பு அதை வெட்டிக் கட்டிய கை என்னுடைய கை. ஒடைக்கணும் என்றேனே, அந்தக் கை.

அவள் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள். "இது யார் வீடுன்னு நானே சொல்லட்டுமா? இல்ல, பேசாம வேலையப் பாக்கறீங்களா?"

"பெல்ட் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

நாலு மணி நேரம். கயிற்றை அறுத்து, பெல்ட்டை இழுத்து அடித்து, ஸ்பிரிங் மாற்றி, துணி போர்த்தினேன். அவள் அந்த டிசைன் வேண்டாம், இந்த டிசைன் என்றாள். வாடிக்கையாளர் ஆயிற்றே, மாற்றினேன். பொய் சொல்வானேன், முடிந்ததும் சோபா ராஜா மாதிரி இருந்தது. ஆசையாக உட்காரப் போனேன்.

"சோபாக்காரர் உக்காரக் கூடாதுங்க. லைவ் ஓடுது."

மறுநாள் கடை போன் ஓயவில்லை. ஒரே காலையில் பதினொரு சோபா! மானமும் பிழைத்தது, கடையும் பிழைத்தது என்று மீசையைத் தடவினேன். ஆனால் கூப்பிட்ட அத்தனை பேரும் முதலில் சிரித்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தைத் திறந்தேன். அங்கே என் மனைவி பேசுகிற ஒரு புது வீடியோ. தலைப்பு: 'அந்த ஆம்பளை இவர்தான்'. பார்த்தவர்கள் நாற்பதாயிரம் பேர்.

முடிவெட்டுகிறவரின் சட்டையைப் பிடித்தேன்.

"என்னய்யா இது? என் பக்கத்துல அவ எப்படி வந்தா?"

"உங்க பக்கமா? எனக்கு முடி வெட்டறதைத் தவிர என்னண்ணே தெரியும்? அந்த ரெண்டு நாளும் கிளினிக்ல போய் அக்காகிட்டதான் கத்துக்கிட்டேன். பாஸ்வேர்டே அவங்கதான் வெச்சாங்க."

"அந்த இலவச யோசனை?"

"அதுவும் அக்காதான்."

வீட்டுக்குப் பறந்தேன். புது சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இப்படி ஊர் சிரிக்க வெச்சிட்டியே!"

"சிரிச்சவங்கதானே சோபா குடுத்தாங்க? பதினொண்ணும் வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். பக்கத்தில் ஓட்டெடுப்பு. 'அடுத்த ஞாயிற்றுக்கிழமை லைவில் சோபாக்காரர் தன் வீட்டில் எதைச் சரிசெய்ய வேண்டும்? ஆடுகிற கட்டிலா, மூடாத அலமாரியா, இரண்டுமா?'

'இரண்டும்' ஜெயித்துக்கொண்டிருந்தது, அதற்கு முதல் ஓட்டுப் போட்டது எங்கம்மா.