பயணத் திட்டம், நான்காம் திருத்தம்

“மலை மட்டும் வேண்டாம்டா தம்பி,” என்றாள் அக்கா போனில். “உங்க அத்தானுக்கு வளைவு ஒத்துக்காது. மூணாவது வளைவுலயே குடலைப் பிடுங்கிக்கும்.”

பஸ் டிப்போவின் டைம் கீப்பர் தன் எதிரே கிடந்த தாளைப் பரிதாபமாகப் பார்த்தார். மூன்று நாள் மலைப் பயணம். நான்கு ஜோடி, எட்டுப் பேர். டிப்போ படிவத்திலேயே புறப்பாடு, வருகை, தாமதத்துக்கான காரணம் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். டீக்கு 8.10 முதல் 8.22 வரை. தினம் நாற்பது பஸ்களை நிமிஷம் பிசகாமல் அனுப்புகிறவருக்கு ஒரு வேன் எம்மாத்திரம் என்றுதான் உட்கார்ந்தார்.

இது வெறும் உல்லாசப் பயணமும் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மனைவிக்கு அடுப்படியிலிருந்து ஒரு நாள்கூட லீவு கிடைத்ததில்லை. “மூணு நாள் நீ கரண்டியையே தொடக் கூடாது. இது என் வாக்கு!” என்று போன வாரம் சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் மார்தட்டியிருந்தார்.

“வேனுக்கு நான் சொல்லிடறேன். நீங்க பிளான் மட்டும் போடுங்க,” என்று அவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

சரி, மலையை அடித்துவிட்டுக் கடற்கரை என்று எழுதினார். மை காய்வதற்குள் தங்கை கூப்பிட்டாள்.

“கடலா? ஐயோ அண்ணா, அவருக்குத் தண்ணின்னாலே பயம். வாளி நிறைஞ்சிருந்தா பாதியைக் கொட்டிட்டுத்தான் குளிப்பாரு.”

“மாப்பிள்ளை எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா?”

“வெளிய சொல்ற விஷயமா இது? நீங்களும் கேட்டு அவர் மானத்தை வாங்கிடாதீங்க.”

“பாவம், பயந்தவரைப் போய் என்ன செய்யறது?” என்றாள் மனைவி.

கடல் வற்றியது. பக்கத்து நகரம், நல்ல ஓட்டல், பூங்கா என்று இரண்டாவது திருத்தம் போட்டார். இம்முறை சித்தி.

“ஓட்டல் சாப்பாடா? உங்க சித்தப்பா வயிறு ஒரு வாய் தாங்காதுப்பா. சமையல்கட்டோட ஒரு வீடு பாரேன்.”

“யார் சித்தி சமைக்கிறது?”

“அதெல்லாம் பார்த்துக்கலாம்டா.”

பார்த்துக்கலாம் என்றால் யார் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தலைவலி போய்த் திருகுவலி வந்தது. இருந்தாலும் ஒரு வாடகை வீட்டைப் பிடித்தார். மறுபடி அக்கா.

“புதுத் தலையணை, புது பாத்ரூம்னா அத்தான் மூணு ராத்திரியும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருப்பாருடா. பழகின இடம்னா உன் வீடுதான்.”

கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. நான்காம் திருத்தத்தில் புறப்பாடு அவரவர் வீடு, வருகை நம் வீடு. தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் ‘உறவினர்கள்’ என்று எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனபோது அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. மனைவி டப்பாக்களில் உப்பு, சர்க்கரை, மிளகாய்த்தூள் என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“வாக்குக் கொடுத்துட்டு இப்படிக் கவுத்துட்டேனே. எல்லாத்தையும் ரத்து பண்ணிடட்டுமா?”

“வேண்டாங்க. எல்லாரும் ஆசையா இருக்காங்க. வரட்டும்.”

“இது எதுக்கு?”

“நாலு பேர் புழங்கற இடம், தடுமாறக் கூடாதில்ல?”

இப்படியும் ஒரு பொறுமைசாலியா என்று அவருக்குக் கண் கலங்கியது. “காயாவது நான் நறுக்கறேன்,” என்றார்.

“அதைத்தாங்க நானும் எதிர்பார்க்கறேன்,” என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல், வேன் வாசலில் வந்து நின்றது. சித்தப்பா இறங்கினார். மாப்பிள்ளை இறங்கினார். கடைசியாக அத்தான், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

“என்னடா, அதுக்குள்ள மலை வந்துடுச்சா?”

“மலையா? உங்களுக்குத்தான் வளைவே ஒத்துக்காதே அத்தான்!”

“யாருக்கு, எனக்கா? சுத்தற ராட்டினத்துல உக்காந்தே சாப்பிடுவேன்டா நான்!”

டைம் கீப்பர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். அக்காவும் தங்கையும் சித்தியும் இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. அவரை லேசாக ஒதுக்கிவிட்டு, கையில் ஒரு பெட்டியோடு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மனைவி ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

“ஏய், நீ எங்க போறே?”

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “கொஞ்சம் நகருங்க சார். ஆம்பளைங்களை உங்க வீட்டுல இறக்கிட்டு, அம்மாங்க நாலு பேரையும் மலைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு, நீங்க பிளான் போட உக்காந்த அன்னிக்கே உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்களே!”