துவக்கண்ணை வாங்கிய இரட்டைக்குழல்

ஒரு துப்பாக்கி வாங்குவதற்குத் துவக்கண்ணை என்பவர் எடுத்துக்கொண்ட காலத்தில் மற்றவர்கள் வீடு வாங்கி, மார்ட்கேஜ் கட்டி, அலுத்துப்போய் விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்கே குடிபோய்விட்டார்கள். மிகை இல்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம்.

தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மனுரேவாவில் நாங்கள் இருவரும் ஒரே கிடங்கில் வேலை பார்த்தோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதை நெருங்கியவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். நான் மதுரைக்காரன், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுபவன். ஒருநாள் தேநீர் இடைவேளையில் என் பக்கமாகச் சாய்ந்து ரகசியமாகச் சொன்னார்.

"தம்பி, எனக்கொரு துவக்கு வேணும்."

எங்கள் ஊரில் துவக்கு என்றால் ஆரம்பி என்று அர்த்தம். "என்னத்தைத் துவக்கணும்ணே? கடையா?"

"இல்லையடாப்பா. துவக்கு! டுமீல்!"

பாதித் தேநீர் என் சட்டையில் கொட்டிவிட்டது. கூட வேலை பார்த்த ஒருவர், ஃபெசன்ட் என்னும் நீண்ட வால் பறவை ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். அன்று பிடித்த பித்து. யாழ்ப்பாணத்தில் அண்ணனை அண்ணை என்பார்கள்; அதோடு அவருக்குத் துவக்கண்ணை என்ற பெயர் நிலைத்தது.

என்னிடம் கார் இருந்ததால் சனிக்கிழமைகள் அவருக்குச் சொந்தமாயின. ஆக்லாந்தில் நாங்கள் படியேறாத துப்பாக்கிக் கடை இல்லை. அவருடைய நிபந்தனைகள் அப்படி. விலை கையைக் கடிக்கக் கூடாது. நாள் முழுக்க மேடு ஏறி நடக்க வேண்டியிருப்பதால் பாரமும் கூடாது. இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதைக் காட்டினால் முகத்தைச் சுளிப்பார். "அது பங்க் பெட் மாதிரிக் கிடக்கு தம்பி."

எல்லாவற்றையும்விட, துப்பாக்கி உடம்புக்குப் பொருந்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்கும்போது குழலின் நுனி நேரே தெரிய வேண்டுமாம். கழுத்தை வளைத்துத் தேடினால் அந்தத் துப்பாக்கி அவருக்கானது அல்ல. இதைக் கிடங்கில் தரை பெருக்கும் தும்புத்தடியை வைத்துப் பழகினார். ஒருநாள் கண்ணைத் திறந்தபோது எதிரே சூப்பர்வைசர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

ஒரு கடையில் பழைய துப்பாக்கி ஒன்று மலிவாக வந்திருந்தது. துவக்கண்ணை குழல்களைக் கழற்றச் சொல்லி, ஒரு விரலில் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினார். 'டொக்' என்றது. அவர் பஜனைகளில் மிருதங்கம் வாசிப்பவர். உதட்டைப் பிதுக்கினார்.

"சுருதி சேரேல்லை. எங்கேயோ ஒட்டு விட்டிருக்கு. கடைக்காரரிட்டச் சொல்லும் தம்பி."

சுருதி சேரவில்லை என்று அந்த வெள்ளைக்காரக் கிழவரிடம் எப்படிச் சொல்வது? எப்படியோ சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்து, இரண்டு குழலும் சேரும் இடத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பற்றவைப்பு ஒரு மயிரிழை விட்டிருந்தது. அதற்குப் பிறகு எந்த இரட்டைக்குழல் வந்தாலும், துவக்கண்ணை சுண்டாமல் அவர் விற்பனைக்கு வைப்பதில்லை.

அப்படித்தான் ஒருநாள் ஸ்பெயின் துப்பாக்கி ஒன்று வந்தது. கட்டையெல்லாம் கீறல், அதனால் விலை குறைவு. சுண்டினார். 'ணங்ங்...' அது அடங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. தோளில் வைத்தார். பொருந்தியது.

அப்போதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. லைசென்ஸ் கொடுக்கும் முன் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் விசாரிப்பார். மனைவியிடமோ இவர் இன்னும் மூச்சே விடவில்லை. தைரியத்துக்கு என்னையும் அழைத்துப்போய்ச் சொன்னார். அவர் மனைவி, எனக்கு அக்கா, கரண்டியைக் கீழே வைத்தார்.

"துவக்குக்குப் பயந்துதானே கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள்? இஞ்ச வந்து நீங்கள் துவக்கு வாங்கப் போறியளோ?"

நான் வாசலைப் பார்த்தேன். துவக்கண்ணை மெதுவாகச் சொன்னார்.

"அங்க ஆரின்ரை கையில துவக்கைக் கண்டாலும் தலையைக் குனிஞ்சுகொண்டு போனனான். ஒருத்தரையும் பயப்பிடுத்தாமல், ஒருக்கா அதைத் தோளில வைச்சுக்கொண்டு காலாற நடக்கவேணும் போல கிடக்கு."

அக்கா மறுபடி கரண்டியை எடுத்தார். ஆனால் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, "நல்ல மனுசன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கூடவே துப்பாக்கி அலுமாரியின் சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றார். சட்டப்படி லைசென்ஸ்காரரைத் தவிர யாரும் வைத்திருக்கக் கூடாது என்றார் போலீஸ்காரர்.

"அப்ப நானும் கூடப் போவன். எங்க சுடுறார் எண்டு பாக்க வேணும்."

மே மாதத்து முதல் சனிக்கிழமை, வேட்டைக் காலம் திறந்த அன்று, தெற்கே ஒரு பண்ணைக்குப் போனோம். பண்ணைக்காரரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். அக்கா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள் இருந்தார். துவக்கண்ணை பனிப்புல்லில் நடந்தார். நான் பின்னால் போனேன். முட்புதரிலிருந்து காடைகள் 'விர்ர்' என்று கிளம்பின. இரண்டு குழலும் வெடித்தன.

அடுத்த நொடி கார்க் கதவு திறந்தது. அக்கா வெறுங்காலோடு நின்றார்.

"ஆருக்கும் ஒண்டுமில்லையே?"

துவக்கண்ணை துப்பாக்கியை மடித்து, வெற்றுத் தோட்டாக்களை எடுத்து உயர்த்திக் காட்டினார். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை!"

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காடைக்கு?"

"காடைக்கும் ஒண்டுமில்லையப்பா!"

அக்கா சிரித்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு எங்களோடு நடக்க வந்தார்.

அந்தப் பருவம் முழுக்க காடைகள் சௌக்கியமாகவே இருந்தன. கடைசி வாரம்தான் இரண்டு விழுந்தன. ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு; அங்கே நான் சாப்பிடுவது அதுவே முதல் தடவை. என் சுண்டுவிரல் அளவிலான ஒரு கால் துண்டைத் துவக்கண்ணை தானே எடுத்து என் தட்டில் வைத்தார்.

"நீர் இல்லாட்டி இது இல்லை தம்பி. சாப்பிடும்."

நான் பிறவிச் சைவம். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.