தெலுங்கில் பெய்த மழை

ஒரு தப்பை ஒரு தடவைதான் செய்கிறோம். அதைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பதுதான் ஆயுசு முழுக்க. எனக்கு அலுத்துவிட்டது. நானே எழுதிவிட்டால் மற்றவர்கள் சொல்வதாவது குறையுமா என்று பார்க்கிறேன்.

மெட்ராஸ் ராஜதானிக் காலம். சித்தூர் ஜில்லாவில் நகரிக்குப் பக்கம் எங்கள் ஊர். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு. (என் படிப்பு அதோடு சரி.) பாடப்புத்தகம், வேதப்புத்தகம் தவிர வேறு புத்தகத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அப்போதுதான் ஒரு தகரப்பெட்டி நிறையப் படம் போட்ட தமிழ்க் கதைப் புத்தகங்கள் வந்தன. ஒரு வாரம் படிக்கலாம். பிறகு புத்தகத் திருநாள். பெட்டிகளுக்குப் பொறுப்பான ஒரு தெலுங்கு அம்மாள் திருப்பதியிலிருந்து வருவார். படித்த கதையை அவருக்குத் தெலுங்கில் சொல்ல வேண்டும். அவருக்குப் பிடித்துப்போனால் பெட்டி எங்களோடு இருக்கும். இல்லையென்றால் அடுத்த ஊருக்கு வண்டி ஏறும்.

கதை சொல்ல இருந்தவள் நேசமணி. அன்று காலை அவளுக்குப் பொன்னுக்குவீங்கி. கன்னம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. சாலம்மா டீச்சர் என்னைப் பிடித்தார்.

"சந்தையில தெலுங்குல கத்திரிக்கா பேரம் பேசிக்கினு நிக்கிறியே, கதை சொல்ல மாட்டியா?"

கத்தரிக்காய்க்காரி முகத்தை நான் பார்த்ததே இல்லை. கத்தரிக்காயைப் பார்த்துத்தான் பேசுவேன். அதை எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

என் தெலுங்குக்கு ஒரே விதி: தமிழ்ச் சொல்லின் வாலை வெட்டு. கதை, கத. தலை, தல. எனக்கு வாய்த்ததோ ஒரு மேகத்தின் கதை. வாலை வெட்டினேன். மேக.

தெலுங்கில் மேக என்றால் ஆடு. தினமும் காதில் விழுகிற சொல்தான். பயத்தில் அது நினைவுக்கு வந்தால்தானே!

"மேக கொண்ட எக்கிந்தி" என்று ஆரம்பித்தேன். மேகம் மலை ஏறியது. அந்த அம்மாள் தலையசைத்தார். ஆடு மலை ஏறுவதில் என்ன அதிசயம்? பிறகு மேக கறுத்தது. அதற்கும் தலையசைத்தார், கறுப்பு ஆடு இல்லையா என்ன? எனக்குத் தைரியம் வந்துவிட்டது. (வந்திருக்க வேண்டாம்.)

"மேக ஊருக்கு மேல நின்னு நீள்ளு போசிந்தி. பிள்ளலந்தா நோரு தெரிசி தாகினாரு."

ஆடு ஊர்மேல் நின்று தண்ணீர் விட்டது. பிள்ளைகள் எல்லாரும் வாயைத் திறந்து குடித்தார்கள்.

அம்மாளின் தலை அப்படியே நின்றுவிட்டது. பின்னாலிருந்து டீச்சர் பல்லைக் கடித்தார். "மப்புடி! மப்பு!"

மேகத்துக்குத் தெலுங்கில் மப்பு என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு மப்பு ஏறிவிட்டது என்று திட்டுவதாக நான் நினைத்தேன். அடக்கமாகக் கைகட்டி, தலைகுனிந்து, முடித்தேன்: "தினமும் இப்படியே போசு தல்லி என்று ஊரே மேகயைக் கும்பிட்டது." தினமும் இப்படியே விடு தாயே என்று ஊரே ஆட்டைக் கும்பிட்டது.

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. எனக்குச் சந்தோஷம். கதை பிடித்துப்போயிற்று, பெட்டி நமக்குத்தான்!

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் சொன்னார்: "பாவம்மா, இந்தப் பிள்ளைங்களுக்கு முந்து தெலுகு நேர்ப்பண்டி."

முதலில் தெலுங்கு கற்றுக்கொடுங்கள் என்றார். சொன்னதோடு விடவில்லை. தமிழ்ப் பெட்டி வண்டி ஏறியது. மறுவாரம் அதே அளவில் இன்னொரு பெட்டி வந்தது. திறந்தால் அத்தனையும் தெலுங்குப் புத்தகம். படத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடமே என்னைச் சபித்தது. வீங்கின கன்னம் வடிந்ததும் நேசமணிதான் முதலில் கிள்ளினாள்.

எல்லாம் போய்விட்டது. கதை மட்டும் போகவில்லை. என் மகனுக்கே தலை நரைத்துவிட்டது. வானம் இருட்டினால் இன்றைக்கும் வாசலில் நின்று கேட்பான்.

"எம்மா, மேகம் கறுத்துக்கினு வருது. கொடை எடுத்துக்கினு போவட்டா, தழை ஒடிச்சிக்கினு போவட்டா?"

முன்பெல்லாம் கோபித்துக்கொள்வேன். இப்போது அதற்கும் தெம்பு இல்லை.

"ரெண்டையும் எடுத்துக்கினு போடா. வாய மட்டும் மூடிக்கினு போ."