முன்னால் நின்ற பூஜ்யம்

மதிப்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கு நலம். உங்கள் நலத்தை விசாரிக்கவில்லை என்று கோபப்பட வேண்டாம். இன்று காலை மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் முழங்கால், கண், தூக்கம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. அதனால்தான் இதைத் தங்கைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பெரிய எழுத்தில் அச்செடுத்து உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது உங்களிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்டேன். வெளிநாட்டில் நம் ஊர் சிம்மை வைத்துக்கொண்டு திரிகிறவன் விவரமில்லாதவன், இறங்கியதும் அந்த ஊர் சிம் வாங்கிவிடுவேன், என் சிம்மை உங்கள் பழைய போனில் போட்டுத் தருகிறேன், அதில் ஆறு இலக்க ரகசிய எண் வரும், கேட்டால் படித்துச் சொல்லுங்கள் என்றேன். "அதுவும் உன்கிட்டயே இருந்துட்டுப் போகட்டுமேடா" என்று பெரியம்மா சொன்னார். நான் சிரித்தேன். அதை இப்போது கிளற வேண்டாம்.

இங்கே அட்டைப்பெட்டி மடிக்கும் இயந்திரம் நாளை மதியத்துக்குள் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் என்னைத் திருப்பி அழைத்துக்கொண்டு சீனியரை அனுப்புவார்கள். என் வெளிநாட்டு வேலைக்கு அத்தோடு முழுக்கு. இயந்திரத்தை நான் சரிசெய்துவிட்டேன். அதன் மென்பொருளைத் திறக்கத்தான் அந்த எண். அதற்கு ஆயுள் இரண்டு நிமிடம். மூன்று முறை தவறினால் ஒரு நாள் பூட்டு.

முதல் முறை, "எண் வந்துச்சா பெரியப்பா?" என்றேன். "வந்துச்சு வந்துச்சு. நீ சாப்பிட்டியா?" என்றீர்கள். சாப்பிட்டேன் என்றேன். "என்ன சாப்பிட்ட?" என்றீர்கள். அதற்கும் பதில் சொன்னேன். அப்புறம் கண்ணாடி தேடினீர்கள், அது பெரியம்மா கையில் இருந்தது, அவர் மாடியில் இருந்தார், நீங்கள் கூப்பிட்டீர்கள், அவர் வந்து என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். எண் செத்து வெகு நேரம் ஆகியிருந்தது. தெரிந்தும் அடித்துப் பார்த்தேன், ஒரு தவறு.

இரண்டாம் முறை கண்ணாடியோடு தயாராக இருந்தீர்கள். "எழுதிக்க. நாலு லட்சத்து எட்டாயிரத்து எழுபத்தி மூணு." பெரியப்பா, ரகசிய எண்ணை உலகத்தில் யாராவது லட்சத்தில் வாசிப்பார்களா? முதுகுக்குப் பின்னால் தொழிற்சாலை மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவசரத்தில் நான் 480073 என்று அடித்தேன். எட்டாயிரத்துக்கு முன்னால் ஒரு பூஜ்யம் வர வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது. சரி, இது பாதி என் தவறு.

மூன்றாம் முறை, "ஒவ்வொரு இலக்கமா சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "அஞ்சு, நாலு, ரெண்டு, ஒண்ணு, மூணு" என்று அழகாகச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள்.

"இன்னொண்ணு எங்க பெரியப்பா?"

"அவ்வளவுதான்."

"ஆறு இருக்கணுமே?"

"முன்னாடி ஒரு பூஜ்யம் நிக்குது. முன்னாடி நிக்கிற பூஜ்யத்துக்கு மதிப்பு கிடையாதுன்னு உனக்கு எத்தனை தடவைடா சொல்லிக் குடுத்திருக்கேன்?"

முப்பத்து நாலு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவரிடம் சிம்மைக் கொடுத்தது என் புத்தி. நான் அந்தப் பூஜ்யத்தைச் சேர்த்து அடிப்பதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. மூன்றாவது தவறு, பூட்டு விழுந்தது. நாளைக் காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும். "போன்ல யாரு?" என்று மேலாளர் கேட்டார். எங்கள் கணக்கு நிபுணர் என்றேன்.

ஆகவே இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். ரகசிய எண்ணை இந்த ஊர் சிம்முக்கே அனுப்பும்படி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். நீங்கள் அந்தப் போனை அணைத்துவிட்டு, சிம்மைக் கழற்றி எங்காவது போட்டுவிட்டு, முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். இருவரும் அங்கிருந்தபடியே என்னை ஆசீர்வதிக்கவும். போன் செய்து ஆசீர்வதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்

பின்குறிப்பு: போனை அணைக்க வேண்டாம். சிம்மைத் தொடவே வேண்டாம். இப்போதுதான் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. போன் எண்ணை மாற்ற வேண்டுமானால், மாற்றுவது நான்தான் என்று உறுதிசெய்ய, பழைய சிம்முக்கு ஒரு ரகசிய எண் அனுப்புவார்களாம். நாளை இங்கே காலை ஒன்பதுக்கு, அதாவது உங்களுக்குப் பகல் பன்னிரண்டரைக்கு, அது வரும். சார்ஜ் போட்டு வைக்கவும். நான் சாப்பிட்டிருப்பேன். முன்னால் பூஜ்யம் நின்றால் தயவுசெய்து அதையும் சொல்லவும். இன்னொன்று, இந்த வரியைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்: நம் ஊர் சிம்மையும் சேர்த்துப் போட என் போனில் இரண்டாவதாக ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.