கடல் தாண்டிப் போன முதுகுவலி

முதுகு என்னுடையது. அதில் வலி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நானா, என் மனைவியா? நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். வலி இல்லை. படுக்கையறையில் இருக்கும் இரும்பு பீரோவைக் கூடத்துக்கு நகர்த்தணும் என்று அவள் சொன்ன நிமிஷத்தில் அது பிறந்தது. "ஐயோ!" என்று இடுப்பைப் பிடித்தவன்தான், மூன்று மாதமாகக் கையை எடுக்கவில்லை. அந்த மூன்று மாதமும் காஸ் சிலிண்டரை உருட்டியது அவள், மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டது அவள். எனக்குச் சாய்வு நாற்காலியும் பேப்பரும்.

ஒரு நாள் சாயங்காலம் அவளே பேச்செடுத்தாள்.

"ஏங்க, வெளிநாட்டுல ஒரு பாரம்பரிய வைத்தியசாலை இருக்காம். மூலிகை எண்ணெய், ஒத்தடம், ஆவிக் குளியல். ஊசியே கிடையாதாம். பதினோரு நாள் போய்ட்டு வரலாமா?"

"யாருக்கு?"

"இந்த வீட்ல யாருக்குங்க உடம்பு வலி?"

எனக்கு வாயெல்லாம் பல். பதினோரு நாள் எண்ணெய் தேய்த்துவிட ஆள்! நாலு பக்க விண்ணப்பத்தை நீட்டினாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஊரார் எழுதியதையெல்லாம் ஒரு கால், ஒரு கொம்பு விடாமல் மேய்கிறவன். வீட்டுக் காகிதம் என்றால் மட்டும் எனக்கு அலுப்பு.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"எட்டு மணி நேரம் படிச்சுட்டுத்தானே வந்திருக்கேன்? எங்க போடணும், அதைச் சொல்லு."

"ரெண்டாவது கட்டத்துல."

போட்டேன்.

விமான நிலையத்தில் பெட்டிகளை அவளே தூக்கினாள். நான் பக்கத்தில் முனகிக்கொண்டே நடந்தேன். முனகுவதும் வேலைதானே?

வைத்தியசாலையில் இரண்டு உடுப்புகள் கொண்டுவந்தார்கள். ஒன்று பஞ்சு மாதிரி வெள்ளை அங்கி. இன்னொன்று எண்ணெய்க் கறை படிந்த முரட்டு ஏப்ரன். அங்கி அவளுக்குப் போனது. ஏப்ரன் என் கழுத்தில் விழுந்தது.

"உடுப்பு மாறிப்போச்சும்மா" என்றேன் மொழிபெயர்ப்பாளரிடம். அங்கே நம் பேச்சு தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெண்தான்.

"இல்லையே சார். நோயாளி அவங்க. நீங்க துணையாள். ரெண்டாவது கட்டத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

"நோயாளி நான்! முதுகு எனக்கு!"

"கையெழுத்து உங்களுதுதானே சார்?"

என்னுடையதுதான். மனைவி பக்கம் திரும்பினேன்.

"என்னடி இது அநியாயம்?"

"சிலிண்டர் தூக்கித் தூக்கி என் தோள் மேலயே போகமாட்டேங்குது. தலை வாரக் கை எட்டலை. உங்ககிட்ட சொல்ல வந்தா பேப்பர் மறைக்குது. படிச்சுட்டுப் போடுங்கன்னு சொன்னேனா, இல்லையா?"

சொன்னாள்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போதாக்குறைக்கு அந்த ஊர் வைத்தியத்தில் ஒரு வழக்கம். நோயாளிக்கு எண்ணெய் தேய்ப்பதும், மூலிகை இடிப்பதும், அண்டா அண்டாவாக வெந்நீர் சுமப்பதும் துணையாள்தானாம். வீட்டுக்குப் போன பிறகும் சிகிச்சை தொடர வேண்டுமாம். என்ன அக்கிரமம் பாருங்கள்! துணையாளின் உடம்பில் வலு இருக்கிறதா என்று பார்க்க வைத்தியர் அம்மாள் என் பின்னால் வந்து நின்றார்.

"ஆ! அம்மா! போச்சு!" என்று அலறினேன்.

அவர் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இன்னும் தொடவே இல்லைங்கறாங்க சார்."

அப்புறம் என்ன, இடித்தேன், சுமந்தேன், தேய்த்தேன். "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்... விரலை அழுத்துங்க... எண்ணெய் ஆறிடுச்சு பாருங்க" என்று கண்ணை மூடியபடியே அதிகாரம் செய்தாள். வயிறு எரிந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் கண்ணாடி முன்னால் நின்று, கையை மேலே தூக்கித் தானே தலை வாரிக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து! நான் ஏன் கவனிக்கவே இல்லை? மனசு இளகிவிட்டது. நான் செய்த தப்பு அதுதான்.

அந்த இளகிய மனசோடு கடைசி நாள் நின்றேன். துணையாட்களை நிறுத்தி, நிரம்பிய அண்டாவைத் தூக்கச் சொன்னார்கள். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் தூக்கி, முற்றத்தை ஒரு சுற்றும் சுற்றி வந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நான் குனிந்து வணக்கம் வேறு சொன்னேன். குனிந்த அழகையும் வைத்தியர் அம்மாள் குறித்துக்கொண்டார்.

முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தார். நம் மொழியில் ஒரு பிரதி கேட்டு வாங்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "இவருடைய முதுகு முற்றிலும் பழுதற்றது. எந்தப் பாரத்தையும் தூக்கலாம், நகர்த்தலாம்" என்று இருந்தது. இந்தத் தடவை முழுசாகப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். திருத்துவதற்கு ஒரு பிழைகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்டாள். முன்பு பீரோ இருந்த இடத்தில்.